ஆழம் போதாத சிங்க்

ஒரு குடும்பத்துக்கு எந்த சிங்க் பொருத்தம் என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்கள் அடுக்குமாடியில் குடியிருந்து பார்த்ததில்லை. அம்பத்தூர் ஒரகடத்து லட்சுமி கடாட்சம் அடுக்ககத்தில் ஜன்னல் திரைக்கே சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். சிங்க் அதைவிடப் பெரிய விஷயம். தரைத்தளத்தோடு நான்கு தளம், தளத்துக்கு ஒரு வீடு, நான்கு சமையலறைக்கும் ஒரே கழிவுநீர்ப் பைப்.

கீழ்வீட்டு சரசாவுக்கு இதெல்லாம் பிடிபட நாளாயிற்று. அவள் கணவன் அழகேசனுக்கு ஆவடி ஃபேக்டரியில் வேலை. கல்யாணமான நாளிலிருந்து குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, சொந்த வீடு என்று ஆசையாக வந்தவர்கள். புரட்டாசி இரண்டாவது வாரத்தில் அவர்களுடைய சிங்க் தண்ணீரை வாங்கிக்கொள்வதை நிறுத்திவிட்டுக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் யார் வீட்டுச் சோற்றுப் பருக்கையோ மிதந்து வந்தது. மறுநாள் மிளகாய் விதை. அதற்கு மறுநாள் மீன் செதில்.

சரசா காலண்டரைப் பார்த்தாள். மூன்றாம் சனிக்கிழமை அவள் வீட்டில் பெருமாளுக்குத் தளிகை. அரக்கோணத்திலிருந்து மாமனார் வருகிறார். புரட்டாசி முழுக்க நெற்றி நாமம் கலையாத மனிதர், முட்டை போட்ட கேக் என்று பேரனின் பிறந்தநாளையே தள்ளிவைத்தவர். அவர் எதிரில் பொங்கல் கொதிக்கும்போது பக்கத்தில் செதில் மிதந்தால், அதற்குப் பிறகு சரசா அந்தக் குடும்பத்தில் வாய் திறந்து ஒரு பேச்சுப் பேச முடியாது.

முதல் மாடியில் சங்கச் செயலாளர் பரந்தாமன் இருந்தார். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்தவர். அவரிடமிருந்து அலுவலகம்தான் ஓய்வு பெற்றது, அவர் ஓய்வு பெறவில்லை. சரசா போய் நின்றதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"சிங்க்ல தண்ணி மேல வருது சார்."

"மேல வருதா, கீழ போகலையா? ரெண்டும் வேற வேற செக்‌ஷன்மா."

"ரெண்டும்தான் சார்."

"அப்ப ரெண்டு மனுவா குடுங்க."

"பைப்பைத் தொறந்து அடைப்பை எடுத்தா சரியாயிடும் சார். பிளம்பர் பாஸ்கரனைக் கூப்பிட்டா வந்துடுவான்."

பைப்பைத் திறப்பது என்றதும் பரந்தாமனின் முகம் மாறியது. "புரட்டாசியில மண்ணைத் தோண்டக் கூடாதும்மா."

"தோண்ட வேணாம் சார். சேம்பர் மூடி மேலதானே இருக்கு."

"மூடிக்குக் கீழ என்ன இருக்கு? மண்ணு. பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? அது கிடக்கட்டும், உங்க சிங்க் எவ்வளவு ஆழம்?"

"ஏழு இஞ்ச் இருக்கும்."

"தப்பு அங்கதான் இருக்கு. தண்ணி வரும், அது அதோட இயல்பு. வர்ற தண்ணியை ஏந்திக்க வேண்டியது சிங்க்கோட கடமை. உங்க சிங்க் கடமை தவறியிருக்கு."

அன்று மாலையே சுற்றறிக்கை வந்துவிட்டது: 'தரைத்தளத்தில் ஏற்பட்டுள்ள எதிர்த்திசை நீர்வரத்துக்கு, மேற்படி வீட்டின் பாத்திரம் துலக்கும் தொட்டியின் ஆழக்குறைவே காரணம் என முதல்நோக்கில் தெரியவருவதால், உரிய தொட்டியைத் தேர்வு செய்யக் குழு அமைக்கப்படுகிறது.'

படித்ததும் சரசாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஆனால் அதற்கு அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்ததை மறைக்கக் கூடாது. காரணத்தைச் சொல்லிவிடலாம். அந்த அடுக்ககத்துக் குப்பை டப்பாக்கள் வீட்டு எண்ணோடு கேட் ஓரம் வரிசையாக நிற்கும். காலையில் பேட்டரி வண்டியில் வரும் பஞ்சவர்ணம் ஒவ்வொன்றாகத் திறந்து, தெருவுக்கே கேட்கிற குரலில் விசாரிப்பாள்: "இன்னாம்மா, நேத்து ஊட்ல விருந்தா? எலும்பா கீது." புரட்டாசியில் இந்தக் கேள்வியை எந்தக் குடும்பம் தாங்கும்? போன ஞாயிற்றுக்கிழமை அழகேசன் நாக்கு செத்துப்போச்சு என்று புலம்பியதால் சரசா நெத்திலி வாங்கினாள். தலைகளை டப்பாவில் போடப் பயந்து, குழாயைத் திறந்துவிட்டு சிங்க்கிலேயே தள்ளிவிட்டாள். ஒரு கைப்பிடிதான். கைப்பிடி நெத்திலித் தலையால் இவ்வளவு பெரிய பைப் அடைக்குமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அடைக்காது. அப்படியானால் மற்றவர்கள் எவ்வளவு தள்ளியிருப்பார்கள் என்ற கேள்வியை மட்டும் அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

குழு மொட்டை மாடியில் கூடியது. தொழில்நுட்ப உறுப்பினர் மூன்றாம் மாடி ரோஹித். ஐடி வேலை. அவன் வீட்டு சிங்க்கைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். கறுப்புக் குவார்ட்ஸ், அருவிபோல் விழும் குழாய், அடியில் மிச்சம் மீதியை அரைத்துத் தள்ளும் மெஷின்.

"இப்பல்லாம் யாரும் ஸ்டீல் சிங்க் போடுறதில்ல அங்கிள். குவார்ட்ஸ்தான். பாக்கவே அவ்ளோ நீட்டா இருக்கும்."

"பாத்திரம் போட்டாலும் நீட்டா இருக்குமாப்பா?" என்றாள் சரசா.

"அதுல பாத்திரம் போட மாட்டோம் ஆன்ட்டி, கறை பிடிச்சிடும். அதுக்கு பால்கனியில ஒரு சின்ன ஸ்டீல் சிங்க் இருக்கு."

"அந்த மெஷின் என்னத்தை அரைக்கும்?" என்று அழகேசன் ஆர்வமாகக் கேட்டான்.

"எலும்பைக்கூட மாவா ஆக்கிடும் அங்கிள்." சொல்லிவிட்டு ரோஹித் அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். "அப்படின்னு விளம்பரத்துல போட்டிருந்தாங்க."

பரந்தாமன் தொண்டையைக் கனைத்தார். "செதில் எங்கிருந்து வந்ததுங்கிற கேள்விக்குள்ள சங்கம் போக விரும்பல. புரட்டாசியில அசைவம் சமைக்கிற குடும்பம் இங்க எதுன்னு எல்லாருக்கும் தெரியும். மத நல்லிணக்கம் கருதி அதை நாம பெருந்தன்மையா விட்டுடலாம்."

எல்லோரும் பெருந்தன்மையாக இரண்டாம் மாடி சபீனாவைப் பார்த்தார்கள். அவள் கணவனுக்குப் பூந்தமல்லியில் மெக்கானிக் ஷெட். சபீனா எழுந்து நின்றாள்.

"நீங்க பெருந்தன்மையா இருக்க வேணாம் சார், பைப்பைத் தொறந்து பாத்துடுங்க. எங்க வீட்டு எலும்பு எங்க வீட்டு டப்பாவுலதான் போகுது. தினம் பஞ்சவர்ணம் அக்கா எண்ணாத குறையா எடுத்துட்டுப் போறாங்க."

பிறகு பைப்பைத் திறக்கலாமா, சிங்க்கை மாற்றலாமா என்று பரந்தாமன் கையைத் தூக்கச் சொன்னார். சிங்க்கை மாற்ற அவர் கை உயர்ந்தது. ரோஹித்தின் கை உயர்ந்தது. அழகேசன் கை உயர்ந்தது. யாருடைய சமையலறையில் தண்ணீர் நிற்கிறதோ அந்த சரசாவின் கையும் உயர்ந்தது. நெத்திலித் தலையில் வீட்டு எண் எழுதியிருக்காது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கை நிற்கவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சபீனா வாடகைக்கு இருப்பவர் என்பதால் அவர் கை கணக்கில் வரவில்லை.

மெட்ரோ வேலைப் புழுதியைத் தாண்டி, பூந்தமல்லிக் கடை ஒன்றுக்குக் குழு போய்ச் சேர்ந்தது. சுவர் முழுக்க சிங்க்குகள்.

"வீட்டுல எத்தனை பேர் சார்? பாத்திரம் எப்படி புழங்குவீங்க?" என்று கேட்டான் விற்பனையாளன்.

"அதெல்லாம் வேண்டாம்," என்றார் பரந்தாமன். "தண்ணி கீழேருந்து மேல வரும். அதுக்குத் தகுந்த மாதிரி காட்டுங்க."

விற்பனையாளன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அதுக்குத் தனி மாடலே இருக்கு சார். இப்ப நல்லா மூவ் ஆவுது."

குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்கு ஆழமான ஒன்றை எடுத்துவந்தார்கள். மாட்ட வந்த பாஸ்கரன் அதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"இன்னாக்கா இது, பைப்பு அடச்சிக்கினு கீது, நீ சிங்க்க மாத்திகினு கீற?"

சரசா குரலைத் தாழ்த்தினாள். "யாருக்கும் தெரியாம நீயே தொறந்து எடுத்துடேன் பாஸ்கரா."

"நம்மளால ஆவாதுக்கா. போன புரட்டாசில மாங்காட்டுல ஒரு ஊட்ல தொறந்தேன். உள்ளாரேந்து ஆட்டுக்காலு வந்துச்சு. அந்த ஊட்டுக்காரரு இன்னி வரிக்கும் என் ஃபோனை எடுக்கல. ஐப்பசி பொறக்கட்டும், மொத ஆளா வந்து நிக்கிறேன்."

புது சிங்க் மறுநாளே நிறைந்தது. பரந்தாமன் ஸ்கேலோடு வந்து அளந்து பார்த்தார். பழைய சிங்க் காப்பி நேரத்திலேயே வழிந்தது, இது டிபன் நேரம் வரை தாக்குப்பிடித்திருக்கிறது, இது கணிசமான முன்னேற்றம் என்று பாராட்டினார். ரோஹித் ஒரு மூடி போட யோசனை சொன்னான். காய் அரியும் பலகை மாதிரி மேலே மூடிக்கொள்ளும், வெளிநாட்டில் எல்லாரும் அதைத்தான் வைத்திருக்கிறார்களாம். மூடி வந்தது. தண்ணீர் மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. மூடிமேல் ஒரு நண்டுக் கால் வேறு உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை சரசா அழுதேவிட்டாள். விடிந்தால் மாமனார் வந்து நிற்பார். பாஸ்கரனுக்கு மனசு கேட்கவில்லை. அவள் சிங்க் பெரிய பைப்போடு சேரும் வாயில் ஒரு டம்மி மூடியை வைத்து இறுக்கி அடைத்துவிட்டான். இனி எதுவும் வராது, எதுவும் போகவும் போகாது. பாத்திரத்தைப் பின்னால் குளியலறையில் கழுவிக்கொள்ள வேண்டியதுதான். பரந்தாமன் வந்து பார்த்துப் பரவசப்பட்டார்.

"இதாம்மா நான் சொன்ன சிங்க். ஒரு குடும்பத்துக்கு ஏத்த தொட்டி எப்படி இருக்கணும்னா இப்படி இருக்கணும்."

சனிக்கிழமை தளிகை நன்றாகவே தொடங்கியது. சமையலறை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மாமனார் புது சிங்க்கைத் தட்டிப் பார்த்து, "நல்ல கனம்" என்றார். மாவிளக்கு ஏற்றி 'கோவிந்தா' சொல்லும் நேரத்தில் மேலேயும் 'கோவிந்தா' கேட்டது. பரந்தாமன் வீட்டுப் பஜனை கோஷ்டி. இரண்டாவது 'கோவிந்தா' கொஞ்சம் அலறலாகக் கேட்டது. கீழே வழி அடைபட்ட தண்ணீர், அடுத்த வாயைத் தேடிக்கொண்டு முதல் மாடி சிங்க்கில் ஏறியிருந்தது.

பரந்தாமன் நனைந்த வேட்டியோடு இறங்கி வந்தார். "பாஸ்கரனைக் கூப்பிடுங்க. பைப்பைத் தொறக்கணும்."

"புரட்டாசி சார்," என்றாள் சரசா.

"மூடிக்குக் கீழ மண்ணு எங்கம்மா இருக்கு? சிமென்ட்டுதானே போட்டிருக்கு."

பாஸ்கரன் வந்தான். மூடியில் கை வைக்கும் முன்பு, "சார், பின்னால என் ஃபோனை எடுப்பியா?" என்று கேட்டு உறுதிமொழி வாங்கிக்கொண்டான். பிறகு வளைந்த கம்பியை உள்ளே விட்டு இழுத்தான். கோழித் தோல் வந்தது. மீன் தலைகள் வந்தன. மெஷினில் அரைபட்டுச் சுண்ணாம்பாக இறுகிய எலும்புக் கட்டி ஒன்று உருண்டு வந்தது. கடைசியில் நண்டு ஓடுகள் கொத்துக் கொத்தாக வந்தன. சுற்றி நின்ற பஜனை கோஷ்டியும் மாமனாரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் எல்லோரும் இரண்டாம் மாடியைப் பார்த்தார்கள்.

சபீனா இறங்கி வந்து குனிந்து பார்த்தாள். "நண்டா கிடக்குது. எங்க வீட்ல நண்டு தொடவே மாட்டோம் சார்."

பரந்தாமனின் மனைவி சட்டென்று மாடியேறிப் போய்விட்டாள். ரோஹித் செல்ஃபோனில் எதையோ தேடினான். சரசா நெத்திலித் தலைகளைப் பார்க்காமல் மாமனார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரந்தாமன்தான் காப்பாற்றினார். நீண்ட அரசுப் பணியின் அனுபவம் முழுவதையும் திரட்டி, நிதானமாகச் சொன்னார்: "இதெல்லாம் ஆவணியில சேர்ந்தது."

"ஆமாமா, ஆவணிதான்," என்றான் அழகேசன்.

மாமனார் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து ஆராய்ந்தார். "ஆவணியேதான். அரக்கோணத்துல நம்ம வீட்டுப் பைப்பும் இப்படித்தான். புரட்டாசி வந்தாதான் ஆவணி சரக்கெல்லாம் கிளம்பி வரும்."

நான்காவது வாரம் அழகேசன் மறுபடி நாக்கு செத்துப்போச்சு என்றான். பைப் சுத்தமாகிவிட்டது, டம்மியையும் எடுத்தாகிவிட்டது. ஆனாலும் சரசாவுக்கு சிங்க்கில் தள்ளத் தைரியம் இல்லை. சுறா முள்ளை ஒரு கவரில் போட்டு முடிந்து, முந்தானையில் மறைத்துக்கொண்டு சபீனா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"சபீனா, தப்பா நினைக்காத. ஒரு சின்னக் கவர். உங்க டப்பாவுல போட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

சபீனா, கேட்டிலிருந்து மேலே கொண்டுவந்து வைத்திருந்த டப்பாவைத் திறந்து காட்டினாள். முடிச்சுப் போட்ட கவர்களால் வாய் வரை நிறைந்திருந்தது.

"எங்க வீட்ல இந்த வாரம் பூரா கீரைதான்க்கா," என்றாள். பிறகு கதவில் ஒட்டியிருந்த அன்றைய சுற்றறிக்கையைக் காட்டினாள். 'இரண்டாம் தளத்துக் குப்பையில் அசைவக் கழிவு அளவுக்கு மீறிக் காணப்படுவதாலும், புரட்டாசியில் பிற குடியிருப்போரின் மனம் புண்படுவதாலும், மேற்படி டப்பாவைக் கேட்டுக்கு வெளியே வைக்கும்படி அறிவுறுத்தப்படுகிறது.'

சரசா முழுவதையும் படித்தாள். கேட்டுக்கு வெளியே வைப்பதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் அவளுக்கும் பட்டது. கவரை டப்பாவின் ஓரத்தில் அழுத்திச் செருகிவிட்டுக் கீழே இறங்கினாள்.