சம்பந்தியோடு ஏறிய மலை

சிங்காநல்லூர், கோவை
ஐப்பசி மாதம், திங்கட்கிழமை

மதிப்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய சம்பந்தி சிவகுரு அவர்களுக்கு, லிங்கசாமி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே ஜானகியும் மகள் இந்துவும் நலம். நானும் இடுப்புக்கு மேலே நலம். கட்டபெட்டில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை அஜயும் இடுப்புக்குக் கீழேயும் சேர்த்து நலமாக இருக்க மருதமலையானை வேண்டுகிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தங்கள் குரலைக் கேட்டதும் நான் எழுந்து நின்றுவிடுகிறேன். எழுந்து நின்றால் தொடை வலிக்கிறது. அதனால்தான் கடிதம்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை நாங்கள் வந்தது கல்யாணப் பத்திரிகை மாதிரியைக் காட்டுவதற்கு என்று சொன்னேன் அல்லவா, அது சும்மா. நான் ஒரு விஷயம் கேட்க வந்தேன். தை மாதம் கல்யாணம் முடிந்த பிறகும் இந்து கோவையில் பார்க்கும் வங்கி வேலையை விடாமல், வார நாட்களில் எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு, சனிக்கிழமை பஸ் ஏறி மாப்பிள்ளையிடம் வந்து போகலாமா என்பதுதான் அது. ஒரே பிள்ளை, சம்பந்தி. அவள் செருப்பு வாசலில் இல்லாத வீட்டை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜானகி இருக்கும்போது கேட்டால் "இதென்ன கூத்துங்க, ஊரு உலகத்துல இல்லாத கூத்து" என்பாள். சம்பந்தியம்மா இருக்கும்போது கேட்க எனக்கு நாக்கு எழாது. இப்படி நான் இட்லித் தட்டைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தபோதுதான் தாங்கள் கை கழுவிவிட்டு வந்து, "ஏனுங்க சம்பந்தி, மழை விட்ட நாளு, மலை அப்படியே கழுவி வெச்சாப்பல இருக்குமுங்க. மேல பாறை வரைக்கும் நடந்து போயிட்டு வந்தர்லாமுங்களா? அங்கிருந்து பாத்தா உங்க ஊரே தெரியுமுங்க" என்றீர்கள். தனியாகப் பேச ஆண்டவனே வழி விடுகிறான் என்று நினைத்து, "எனக்கு நடக்கறதுன்னா உசுருங்க" என்று சொல்லிவிட்டேன். சம்பந்தி, நான் பாத்திரக் கடை வைத்திருக்கிறவன். கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்கே வண்டியில்தான் போவேன்.

பாதையைக் குறை சொன்னால் என் வாய் வெந்துபோகும். தேயிலைக்கு நடுவே போகிற வரைக்கும் நல்ல பாதைதான். சம்பந்தி வீட்டுக்கு வேட்டி இல்லாமல் வரலாமா என்று ஜானகி எடுத்துக் கொடுத்த புது வேட்டியைத்தான் ஒவ்வொரு செடியும் பிடித்து இழுத்து விசாரித்தது. ஏற்றம் தொடங்கியதும் விஷயத்தைத் தொடங்கலாம் என்று "சம்பந்தி" என்பேன். அந்த ஒரு வார்த்தைக்கே மூச்சு தீர்ந்துவிடும். தாங்கள் நின்று, திரும்பி, "சொல்லுங்க" என்பீர்கள். நான் "காத்து நல்லா இருக்குதுங்க" என்பேன். தாங்கள் "ஆமாங்க" என்பீர்கள். மறுபடியும் நடப்போம். அன்றைக்கு நான் காற்றைப் புகழ்ந்ததுபோல யாரும் புகழ்ந்திருக்க மாட்டார்கள்.

தேயிலைக் காடு முடிகிற இடத்தில், தலைக்குப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாரே மருதாம்பாள் என்கிற அம்மா, அவர்தான் அன்றைக்கு அறிவோடு பேசிய ஒரே ஆள். "மேல மூடிக்கிச்சுங்க ஐயா. போயி என்னத்தப் பாக்கப் போறீங்க? திரும்பிப் போங்க" என்றார். தாங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் தங்கள் முகத்தைப் பார்த்தேன். "சம்பந்தி ஆசைப்படறாருங்க" என்றீர்கள் தாங்கள். "அவரு கூப்புட்டு எப்புடிங்க வேண்டாங்கறது" என்றேன் நான். அந்த அம்மா நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "நல்லாப் போனீங்க, போங்க" என்று சிரித்துவிட்டுக் கொழுந்துக்குத் திரும்பிவிட்டார்.

அதற்கப்புறம் சோலைக்குள் நுழைந்தோம். முந்தின நாள் மழையில் பாதை எது, ஓடை எது என்று அந்த மலைக்கே சந்தேகம் வந்திருக்கும். இரண்டு முறை உட்கார்ந்தேன். தாங்கள் "பாத்துங்க" என்றபோது "காட்டை நின்னு ரசிக்கணுமுங்க" என்றேன் அல்லவா, ரசிக்கவில்லை, வழுக்கி விழுந்தேன். கணுக்காலில் அட்டை ஒன்று ஏறியது. தங்கள் ஊர் அட்டையைத் தட்டிவிடுவது மரியாதையாகப் படவில்லை. தங்களிடம் சொன்னால் வருத்தப்படுவீர்கள். எனவே குடிக்க விட்டுவிட்டேன், வயிறு நிறைந்ததும் அதுவாகவே விழுந்துவிட்டது. கடைசி வளைவில் காட்டெருமை ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு நின்றதே, அதைப் பார்த்து நான் நடுங்கியதாகத் தாங்கள் சம்பந்தியம்மாவிடம் சொன்னீர்களாம். நடுங்கியது உண்மை. ஆனால் உள்ளுக்குள் சந்தோஷம்தான்: அது நகரவில்லை என்றால் கௌரவமாகத் திரும்பிவிடலாமே! அதுவோ நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெரிய மனிதர் மாதிரி ஒதுங்கி வழிவிட்டுப் புதருக்குள் போய்விட்டது.

இப்படியாகப் பாறைக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் ஊரே தெரியும் என்று தாங்கள் சொன்ன அந்தப் பாறையில் எனக்கு என் கால் தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் வெள்ளை. திரும்பிப் பார்த்தால் தங்களையும் காணோம். "இங்கதானுங்க இருக்கறேன், அசையாதீங்க" என்று குரல் மட்டும் வந்தது. சம்பந்தி, நான் கடன்பட்டிருப்பது அந்த மூடுபனிக்குத்தான். தங்கள் முகம் தெரிந்திருந்தால் நான் இன்னொரு முறை காற்றைப் பற்றித்தான் பேசியிருப்பேன். முகம் தெரியாததால் எங்கிருந்தோ தைரியம் வந்து, கண்ணை மூடிக்கொண்டு, வேலை, வார நாள், சனிக்கிழமை பஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். கொட்டி முடித்ததும், போச்சு, வாயைக் கொடுத்து மகள் கல்யாணத்தையே கெடுத்துவிட்டோம் என்று மருதமலையானைக் கூப்பிட்டேன்.

அப்புறம் அந்த வெள்ளைக்குள்ளிருந்து தங்கள் குரல் வந்தது. "ஏனுங்க, இதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க? மலையைக் கெல்லி எலியைப் புடிச்ச கதையா இருக்குதுங்களே! அந்தப் புள்ளை வேலையை வுட்டுப்போட்டு எங்க ஊட்டுல வந்து என்னங்க பண்ணப் போகுது? தாராளமாப் போகட்டுமுங்க. இட்லி திங்கறப்பவே கேட்டிருந்தா அங்கயே தலையை ஆட்டிப்போட்டு உக்காந்திருப்பேனுங்க. எனக்கு முழங்கால் தேஞ்சு போச்சு, டாக்டரு மாடிப்படியே ஏறக் கூடாதுங்கறாரு. வந்தவங்களைப் பேச்சுக்கு ஒரு வார்த்தை கூப்பிட்டேன். நீங்க உசுருன்னு சொல்லிப்போட்டீங்க!"

நான் அழுதேன், சம்பந்தி. மூடுபனியில் தங்களுக்குத் தெரிந்திருக்காது. பெண்ணைக் கொடுக்கிற வீட்டார் வாயைத் திறந்து ஒன்று கேட்டால் முகம் சுளிக்கிற உலகத்தில், தேய்ந்த முழங்காலோடு பாறைமேல் நின்றுகொண்டு "தாராளமா" என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? இறங்கும்போது ஓரிடத்தில் பனி விலகிக் கீழே கொஞ்சம் சமவெளி தெரிந்தது. "உங்க ஊருதானுங்க" என்றீர்கள். அது காரமடையாகத்தான் இருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். இருந்தாலும் அவ்வளவு அழகாக ஓர் ஊரை நான் பார்த்ததில்லை. தங்கள் முழங்காலுக்கு என் தோளும், என் இடுப்புக்குத் தங்கள் கையுமாகத் தேயிலைக்கு வந்தபோது மருதாம்பாள் அம்மா "என்னத்தப் பாத்தீங்க?" என்றார். "எல்லாம் பாத்தாச்சுங்க" என்று நாம் இருவரும் ஒரே குரலில் சொன்னோம். அதை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். சிரித்தாலும் இடுப்பு வலிக்கிறது.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசிகள். தங்கள் முழங்காலுக்கு ஜானகி தைலம் ஒன்று கொடுத்தனுப்புகிறாள். தங்கள் குடும்பம் தழைத்து வாழ வேண்டும் என்று மனசார வாழ்த்தி முடிக்கிறேன்.

என்றும் நன்றி மறவாத,
லிங்கசாமி

பின்குறிப்பு: உறையில் போடும் முன்பு, தப்பிருந்தால் திருத்தச் சொல்லி இந்துவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "யாருப்பா உங்களைக் கேக்கச் சொன்னாங்க?" என்றாள். நிச்சயம் ஆன வாரமே, தங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் கோத்தகிரிக் கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாளாம். உத்தரவும் வந்துவிட்டதாம். என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தினமும் என் முன்னால் வந்து நின்று, "அப்பா, காப்பி வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இத்தனை நாளும் நான் வேண்டாத காப்பியெல்லாம் குடித்திருக்கிறேன். ஆகவே சம்பந்தி, பாறைமேல் தாங்கள் கொடுத்த வாக்கைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அவள் அங்கேயே இருக்கட்டும். சனிக்கிழமை பஸ் ஏறி நாங்கள் வருகிறோம். நடக்க மட்டும் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் முடியாது என்று சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.