மரகதத்தின் பின்வாசல்

ஒரு காட்டில், வாடைக்காற்று வருவதற்கு முன்பே கமிட்டி வந்துவிட்டது. வளைகளில் வாழும் சின்ன உயிர்கள் வருடா வருடம் குளிரில் விறைத்துச் சாகின்றன என்று சிங்கராஜாவிடம் யாரோ சொல்ல, 'வாடைக்காப்புத் திட்டம்' பிறந்தது. காற்று புகும் ஓட்டைகளைப் பெருச்சாளி கல் வைத்து அடைக்கும். ஒழுங்காக அடைத்திருக்கிறதா என்று ஆய்வாளர் பார்த்துச் சான்றிதழ் கொடுப்பார். சான்றிதழ் இல்லாத வளையில் யாரும் குடியிருக்கக் கூடாது.

ஆய்வாளராக யாரைப் போடுவது? கமிட்டி மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு விதி எழுதியது. வளை தோண்டுகிறவர் ஆய்வாளராகக் கூடாது, தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்வார். ஆனால் எல்லா வளைக்குள்ளும் போய்வந்த அனுபவம் வேண்டும். வடிகட்டிப் பார்த்ததில் சாரைப்பாம்பு சடையப்பர் ஒருவர்தான் தேறினார். ஆயுளில் அவர் ஒரு வளையும் தோண்டியதில்லை. அவர் நுழையாத வளையும் இல்லை. பயிற்சி வகுப்பில் முதல் மாணவர் வேறு.

"பணி நேரத்தில் யாரையும் விழுங்க மாட்டேன்" என்று அவர் உறுதிமொழி எடுத்தபோது காடே கைதட்டியது. மரகதம் என்ற வெள்ளெலி மட்டும் தட்டவில்லை. அவளுக்கு அப்போதுதான் கண் திறந்த நாலு குட்டிகள்.

அடுத்த வாரம் சடையப்பர் அவள் வளைக்கு வந்தார். கழுத்து எதுவென்று அவருக்கே நிச்சயமில்லாததால் அடையாள அட்டையை நடு உடம்பில் கட்டியிருந்தார். வாயில் ஓர் இறகைக் கவ்விக்கொண்டு பின்வாசலில் நீட்டினார். இறகு ஆடியது.

"கசிவு. அடைச்சிடணும்" என்றார்.

"அது கசிவு இல்லீங்கய்யா, பின்வாசல். ஆபத்துன்னா ஓடுற வழி."

"யாரைப் பார்த்து ஓடுவே?"

மரகதம் அவரைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தாள். அதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

"பொதுவாச் சொன்னேங்க."

"படிவத்துல ஓடுற வழின்னு கட்டமே இல்லம்மா. நாளைக்குள்ள அடை. இல்லேன்னா புள்ளைங்களோட வெளியே போ."

அவர் போனதும், "எதுக்குடி வம்பு? நாங்கல்லாம் அடைச்சாச்சு. சான்றிதழை வாங்கிட்டு நிம்மதியா இரு" என்றாள் பக்கத்து வளைக்காரி. மரகதம் கல்லோடு வந்த பெருச்சாளியைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஈரமண்ணைக் குழைத்துத் தானே பின்வாசலைப் பூசினாள். ஓர் உதைக்குத் தாங்காத பூச்சு.

மறுநாள் இறகு ஆடவில்லை. நூற்றுக்கு நூறு. சடையப்பர் வாசலில் சான்றிதழை ஒட்டிவிட்டு, குட்டிகளை ஒருமுறை எண்ணிவிட்டுப் போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தார். உடம்பில் அட்டை இல்லை.

"ஆய்வுதான் முடிஞ்சுதே, ஐயா?" என்றாள் மரகதம்.

"டியூட்டியும் முடிஞ்சுதும்மா" என்றபடி அவர் தலையை உள்ளே விட்டார்.

மரகதம் திரும்பிப் பின்சுவரில் விட்டாள் ஓர் உதை. மண் உதிர்ந்தது. நாலு குட்டிகளையும் ஒவ்வொன்றாக வெளியே தள்ளி, கடைசியில் தானும் பாய்ந்து முள்புதருக்குள் ஒளிந்தாள். சடையப்பர் கோபித்துக்கொள்ளவில்லை. எந்தெந்த வளையில் பின்வாசல் இல்லை என்ற பட்டியல் அவரிடமே இருந்தது.

ஒரு மாதம் கழித்துத் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி கீரி வந்தார். கீரிக்கும் பாம்புக்கும் ஆகாது என்பதெல்லாம் அந்தக் காலம். இப்போது இருவருக்கும் ஒரே அலுவலகம், ஒரே தேநீர் வேளை. காட்டிலிருந்த இருபது வளைகளையும் சோதித்தார். பத்தொன்பதில் பொட்டுக் காற்றும் புகவில்லை. உள்ளே யாரும் இல்லை, ஆகவே புகாரும் இல்லை. "பிரமாதம்" என்று எழுதிக்கொண்டார்.

இருபதாவது வளையில் ஓட்டை. முள்புதரில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த மரகதத்தைக் கூப்பிட்டார்.

"சான்றிதழ் குடுத்த சுவரை ஏன் உடைச்சே?"

"பாம்பு வந்துச்சுங்க."

"ஆய்வாளர்னு சொல்லு. மரியாதை வேணாமா?"

சான்றிதழைக் கிழித்தார். அறிக்கையில், திட்டத்தின் ஒரே தோல்வி என்று மரகதத்தின் பெயர் ஏறியது. அவளுக்குப் பின்னால் நாலு குட்டிகளும் தும்மிக்கொண்டு நின்றன.

சடையப்பருக்குச் சிறந்த ஆய்வாளர் விருது கிடைத்தது. ஏற்புரை நிகழ்த்த எழுந்தவருக்கு ஏப்பம்தான் வந்தது.

நீதி: வீட்டில் ஒரு குறையாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் வந்தால் அதன் வழியாகத்தான் ஓட வேண்டும்.