டெஸ்ஸின் சிக்கனப் பெட்டி

இந்தப் பயணத்தில் நூறு கிலோமீட்டருக்குப் பதினான்கு லிட்டருக்கு மேல் ஒரு சொட்டு டீசல்கூடப் போகக் கூடாது என்று டெஸ் முடிவு கட்டினார். மானப் பிரச்சினை.

கேரவன் என்னும் இழுவை வீடுகள் இரவு தங்கும் பூங்காக்களில் மாலை ஐந்து மணிக்கு மடக்கு நாற்காலிகள் வட்டம் கட்டும். ஓய்வுபெற்ற ஆண்கள் பியரும் கையுமாக, கேரவனை இழுக்கும் தங்கள் வண்டி நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் டீசல் குடிக்கிறது என்று அறிவிப்பார்கள். எல்லார் வண்டியும் பதிமூன்றுதான். டெஸ் வண்டி மட்டும் பதினெட்டு. பொய் சொல்ல அவருக்கும் ஆசைதான். பக்கத்து நாற்காலியில் மனைவி நோலீன் இருந்தார்.

ஆகவே ஒரு பெட்டி வாங்கினார். தீப்பெட்டி அளவு. ஆக்ஸிலேட்டர் பெடலின் ஒயரில் செருகி, 'சிக்கனம்' என்ற பொத்தானை அழுத்தினால் டீசல் மிச்சம் என்றது விளம்பரம்.

"நான் ஒரு மிதி மிதிச்சா, இது அரை மிதின்னு இன்ஜின்கிட்ட சொல்லும்."

"நீயே அரை மிதி மிதிக்கலாமே?"

"உனக்கு இதெல்லாம் புரியாது, செல்லம்."

"சரி. குறையலன்னா?"

"குறையலன்னா நல்லார்பார் பொட்டல்வெளி முழுக்க நீயே ஓட்டு."

பதினோரு வருஷமாக நோலீன் கேட்டுவந்த இருக்கை அது. கேரவன் மாட்டிவிட்டால் அவருக்கு இடப்பக்கம்தான்.

பொட்டல்வெளிக்கு முந்தைய ஊரான சிடுனாவிலிருந்து மேற்கே கிளம்பினார்கள். பெட்டி 'மெதுவா' என்றது. டெஸ்ஸின் கால் 'இன்னும்' என்றது. மாலையில் பார்த்தால் பதினெட்டரை.

"எதிர்காத்து," என்றார் டெஸ். "காத்தடிச்ச நாள் சேத்தியில்ல."

"அப்ப சாவி?"

"காத்து நிக்கட்டும்."

நல்லார்பாரில் காற்று நின்றதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பெட்டியோடு வந்த, டெஸ் பிரித்தே பார்க்காத சிறு புத்தகத்தை நோலீன் எடுத்துப் படித்தார்.

மறுநாள் காலை இன்ஜின் ஓடியது. பெடலைத் தரையோடு மிதித்தும் ஒரு முனகல்கூடக் கூடவில்லை. வட்டத்து நண்பர்கள் ஆறு பேர் கூடி, ஆறு நோய் சொன்னார்கள். நோலீன் டீயை நிதானமாகக் குடித்து முடித்து வந்தார்.

"உன் பெட்டிதான் பெடலைப் பூட்டியிருக்கு. திருடன் ஓட்டிட்டுப் போகாம இருக்க அப்படி ஒரு வசதியாம். பதினோராம் பக்கம்."

"தெறக்க நம்பர் என்ன?"

"நாலு எண். நம்ம கல்யாண நாள்."

ஆறு பேரும் டெஸ்ஸைப் பார்த்தார்கள். டெஸ் வானத்தைப் பார்த்தார். மார்ச்சா? அன்றைக்கு மழை பெய்தது ஞாபகம். மழை எந்த மாதம்தான் பெய்யவில்லை?

"சொல்லுப்பா, கேப்போம்," என்றார் பக்கத்துக் கேரவன் கெல்வின்.

"வலது முட்டி பிடிச்சுக்கிச்சு," என்று நொண்டியபடியே இறங்கினார் டெஸ். "நீயே ஓட்டு."

அதே எதிர்காற்று. நோலீன் எண்பதைத் தாண்டவில்லை. மாலையில் கணக்கு: பதினான்கு.

அடுத்த பூங்காவில் நாற்காலிகள் வட்டம் கட்டியதும் டெஸ்ஸின் முட்டி சரியாகிவிட்டது. "பதினாலு," என்று நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாம் அந்தப் பெட்டி செஞ்ச வேலை."

புதிதாக வந்த ஒருவர் பேனாவைத் திறந்தார். "எந்தப் பொத்தான்ல வெச்சிருக்கீங்க?"

"பூட்டுல," என்றார் நோலீன். "இவர் உக்காரும்போது மட்டும்."