கூஜாவில் மூச்சு விட்ட ஒயின்

ஒயின் குடிப்பவர்களால் நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இங்கே பேச்சு, ஒயினை விளக்குபவர்களைப் பற்றி. இந்த இனம் உற்பத்தியாக ஒரு நாசிக் பயணம் போதும். அதுவும் மூன்றே நாள்.

கொரட்டூர் ஏரியைப் பார்த்த மூன்றாவது மாடியில் இருக்கும் தட்சிணாமூர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் சுற்றுலாவில் நாசிக் திராட்சைத் தோட்டமொன்றில் ஒன்றரை மணி நேரம் நின்றவர், அன்றிலிருந்து எதைக் கொடுத்தாலும் சுழற்றுகிறார், மூக்கை உள்ளே விடுகிறார், கண்ணை மூடுகிறார், ஷிராஸ் திராட்சையின் மிளகுக் காரம், கேபர்னே தோலின் துவர்ப்பு, நாசிக் மண்ணுக்கும் நந்தி மலை மண்ணுக்கும் உள்ள ஜென்மப் பகை எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி, கேட்பவருக்குத் தாகமே போன பிறகுதான் ஒரு வாய் குடிக்கிறார். மோரையும் அப்படித்தான்.

எதிர்வீட்டு பாபு ஒருமுறை, "அண்ணாத்தே, கொஞ்சம் சோடா ஊத்திக்கினா இன்னா?" என்று கேட்டுவிட்டான். இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

போன சனிக்கிழமை இந்த ஞானத்துக்குப் பரீட்சை வந்தது. மேலதிகாரி மோகன் வீட்டுக்கு வருகிறார். அடுத்த மாதம் பிரான்ஸ் போகும் அவர், துணைக்கு ஒருவரைத் தேடுகிறார். ஒயின் தெரிந்த ஆளாக இருந்தால் நல்லது என்று வாய்விட்டே சொல்லியிருந்தார். தட்சிணாமூர்த்தி ஐந்து மணிக்கே ஷிராஸைத் திறந்து, காற்றுப் பட்டு அது மூச்சு விடட்டும் என்று கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் கூஜாவில் ஊற்றி, காலி பாட்டிலை ஷோகேஸில் நிறுத்திவிட்டு, கூஜாவை மூடாமலே குளிக்கப் போனார்.

மூடாமல் வைத்த பண்டத்தை எந்தச் சமையலறை மன்னித்திருக்கிறது?

மோகன் வந்தார். கூஜாவும் வந்தது. இருவரும் சுழற்றினார்கள், முகர்ந்தார்கள், கண்ணை மூடினார்கள்.

"நாசிக் மண்ணு அப்படியே பேசுது, கவனிச்சீங்களா சார்?"

"பேசுது, பேசுது," என்றார் மோகன். "ஓரத்துல லேசா ஏலக்காய் வாசனை?"

"ஷிராஸ்னா அது வந்தே ஆகணும் சார். ரொம்பப் பேருக்குப் பிடிபடாது."

மனைவி கமலம் முறுக்குத் தட்டோடு வந்தாள்.

"நாலு ஏலக்கா தட்டிப் போட்டேன் சார், மணக்குதா? காலைல போட்ட ஜூஸை யாரோ கூஜால தொறந்தே வெச்சிருந்தாங்க, வாயில வெக்க முடியல, அவ்ளோ புளிப்பு. சிங்க்ல கொட்டிட்டு புதுசா புழிஞ்சேன். கம்பம் பன்னீர் திராட்சை. ஸ்டேஷன்கிட்ட வாங்கினது."

சிங்க் வழியாக பிரான்ஸும் போய்விட்டது என்றே தட்சிணாமூர்த்தி நினைத்தார். மோகன் ஷோகேஸைப் பார்த்தார், கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். அன்று ஏலக்காய் ஒன்றையாவது சரியாகக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். மாட்டிக்கொண்டதும் அதே இடத்தில்தான்.

கமலம் உள்ளே போகும்வரை காத்திருந்து, "பாஸ்போர்ட் ரெடியா இருக்கா?" என்றார்.

"இருக்கு சார்."

"இந்த விஷயம் ஆபீஸ்ல..."

"எந்த விஷயம் சார்?"

கூஜா காலியானது.

நீங்கள் சிரிக்கலாம். ஒயின் வாசனையே படாத குடும்பம் எங்களுடையது என்றும் சொல்லலாம். ஆனால் இன்று காலை காபி டம்ளரை ஒரு தடவை சுழற்றி, முகர்ந்து, "சிக்கரி கொஞ்சம் தூக்கல்" என்றீர்களே? அந்தத் தூளில் சிக்கரியே கிடையாது என்பது கலந்து கொடுத்தவருக்குத் தெரியும். பாவம் என்று சும்மா இருக்கிறார்.