பூச்சு வேலை பாக்கி

ஒரு காட்டில் வீடு கட்டுவதற்கும் சட்டம் வந்துவிட்டது. புலி போட்ட சட்டம் அது. வீட்டுக்கும் வேலிக்கும் நடுவே ஓர் எருமை தாராளமாகத் திரும்பும் அளவுக்கு இடம் விட வேண்டும் என்றது. ஆபத்தென்றால் எருமை திரும்பி ஓட வசதியாக இருக்கும் என்று புலி விளக்கம் சொன்னது. யாருக்கு வசதி என்று எருமைகளுக்குத் தெரியும். ஆனால் அவற்றை யாரும் கேட்கவில்லை.

அந்தக் காட்டின் மேற்கு ஓரத்தில் குழந்தைசாமி என்றொரு முள்ளம்பன்றி இருந்தார். சட்டத்துக்குப் பயந்தவர். ஆற்றில் தண்ணீர் குடிக்கப் போனாலும், கரையில் வேறு யாருமே இல்லாவிட்டாலும், வரிசையின் கடைசி எங்கே என்று தேடுவார். இடம் விட்டுத்தான் வீடு கட்டியிருந்தார். அவர் மனைவி அருக்காணிக்கு அந்தச் சும்மா கிடந்த இடத்தின் மேல் நெடுநாளாக ஒரு கண்.

அப்போதுதான் மகள் பாவாயி மாசமாக இருக்கும் செய்தி வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். முள்ளம்பன்றிக் குடும்பத்தில் அதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே அறையில் மூன்று பேர் படுத்தால், ஒருவர் புரளும்போது மற்ற இருவரும் எழுந்து உட்கார வேண்டும்.

"பொண்ணுக்குத் தனியா ஒரு ரூம் வேணுமுங்க" என்றாள் அருக்காணி.

"எடம் எங்க இருக்குது?"

"எருமை திரும்பற எடம் இருக்குதே. நம்ம வீட்டுக்கு எந்த எருமை வந்து திரும்புச்சு?"

குழந்தைசாமி ஒரு வாரம் சாப்பாட்டில் மனமில்லாமல் இருந்தார். பிறகு குளவி மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

குளவி மேஸ்திரி மண்ணுருண்டை வைத்துக் கட்டுவதில் கெட்டிக்காரர். அவர் எழுப்பிய சுவர் இடிந்ததாகச் சரித்திரம் இல்லை. முடிந்ததாகவும் சரித்திரம் இல்லை. முக்கால்வாசி ஆனதும் அடுத்த இடத்தில் வேலையை ஒப்புக்கொண்டு பறந்துவிடுவார். இங்கேயும் அப்படித்தான். சுவர் எழுந்தது, கூரை ஏறியது, பூச்சும் ஏறக்குறைய முடிந்தது. கிழக்குச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பூசாமல் விட்டுவிட்டு, "நாளைக்கு வந்தர்றனுங்கண்ணா" என்று போனவர்தான்.

வேலை நடக்கும் வீட்டில் கண்ணேறு படாமலிருக்க வைக்கோல் பொம்மை கட்டுவது அந்தக் காட்டு வழக்கம். வேலை முடிந்த அன்றுதான் அதை அவிழ்க்க வேண்டும். பாவாயி வந்து அறையில் படுத்து மாதமாகியும், நாக்கைத் துருத்திக்கொண்டு பொம்மை வாசலில் தொங்கிக்கொண்டே இருந்தது. அருக்காணி காலையில் எழுந்ததும் அதைப் பார்த்து மேஸ்திரியைத் திட்டிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குவாள்.

ஒருநாள் கட்டிட ஆய்வாளர் கொக்கு அந்தப் பக்கம் வந்தார். வேலி ஓரமாக ஒற்றைக் காலில் நின்று, கழுத்தை நீட்டி அளந்தார்.

"ஒரு ஆட்டுக்குட்டிகூட இங்க திரும்ப முடியாதே?"

"அவசரத்துக்குக் கட்டினதுங்க சார். பொண்ணு முழுகாம இருக்குது" என்றார் குழந்தைசாமி. பொய் சொல்ல அவருக்கு வராது.

"அவசரம்னு சட்டத்துல ஒரு வார்த்தையும் இல்லை. பௌர்ணமிக்குள்ள நீங்களே இடிச்சுடுங்க. இல்லேன்னா நான் காட்டுப்பன்றியோட வருவேன்."

குழந்தைசாமிக்கு அன்றே இடித்துவிடத் தோன்றியது. மகளை எங்கே படுக்கவைப்பது என்று யோசிக்கும்போது மட்டும் கை நின்றது. எதற்கும் முறைப்படி செய்வோம் என்று, இடிக்க அனுமதி கேட்டு ஆலமரத்து அலுவலகத்துக்குப் போனார். அங்கே அலுவல் நேரம் பகல். எழுத்தரோ ஆந்தை. அவர் கண் திறக்கும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னார்.

"இடிக்கணும்னா கட்டி முடிச்சதுக்குச் சான்று காட்டணும்" என்றார் ஆந்தை.

"அதை வாங்க என்ன செய்யணுமுங்க?"

"கட்டிடத்துல விதிமீறல் இருக்கக் கூடாது."

"அந்த விதிமீறலை எடுக்கத்தானுங்க இடிக்கணுங்கறேன்."

"நல்ல எண்ணம். சான்றோட வாங்க" என்று ஆந்தை மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

பௌர்ணமி வந்தது. அன்று காலையில்தான் பாவாயிக்கு வலியும் கண்டது. அருக்காணி வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தபோது, கொக்கும் காட்டுப்பன்றியும் வாசலில் வந்து நின்றார்கள். அவள் முட்களை எல்லாம் சிலிர்த்துக்கொண்டு கதவை மறித்தாள்.

"உள்ள பொண்ணு வலியில கெடக்குது. எவனாவது சுவத்துல மூக்கை வெச்சான், மூக்கு இருக்காது!"

காட்டுப்பன்றி பின்வாங்கினார். "சார், எனக்கும் பதினோரு புள்ளைக. பெத்து முடியட்டும் சார்."

"முடியாது. மத்தியானம் நரி வீடு இருக்கு" என்றார் கொக்கு.

குழந்தைசாமி கும்பிட்டபடி நின்றார். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் விட்ருங்க சார். நாளைக்கு நானே இடிச்சுத் தந்தர்றேன்."

"ஆணைன்னா ஆணை" என்று கொக்கு நிமிர்ந்தார். நிமிர்ந்த தலை நேராகப் போய் வைக்கோல் பொம்மையில் இடித்தது.

"இது ஏன் இன்னும் தொங்குது?"

"வேலை முடியலீங்களே" என்றார் குழந்தைசாமி.

கொக்கு அப்படியே நின்றுவிட்டார். "முடியலையா? எங்கே முடியலை?"

குழந்தைசாமி கூச்சத்தோடு கிழக்குச் சுவரைக் காட்டினார். கொக்கு அந்தப் பூசாத இடத்தை அலகால் தொட்டுப் பார்த்தார். முகம் வாடிப்போனது.

"முடிஞ்ச கட்டிடத்தைத்தான் இடிக்க எனக்கு அதிகாரம். முடியாத கட்டிடத்துல வேலையை நிறுத்தத்தான் அதிகாரம். இதை நான் தொட முடியாது."

அருக்காணிக்கு மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து வானத்தில் ஒரு ரீங்காரம். வாயில் ஈர மண்ணுருண்டையோடு குளவி மேஸ்திரி வந்து இறங்கினார்.

"அண்ணா! ஆபீசர் வர்றாருன்னு கேள்விப்பட்டு ஓடி வர்றேன். என்னால உங்களுக்குத் தலைகுனிவு வந்தறக் கூடாது. ஒரே நிமிஷம், பூசிடறேன்."

"வாங்க மேஸ்திரி" என்று பழக்கதோஷத்தில் வழிவிட்டார் குழந்தைசாமி.

"டேய் குளவி, கையை எடுடா!" என்று அருக்காணி பாய்ந்துபோய்ச் சுவரை முதுகால் மறைத்துக்கொண்டாள்.

மேஸ்திரி திகைத்துப்போனார். "முடிச்சுக் குடு, முடிச்சுக் குடுன்னு தினமும் என்னைத் திட்டுனது நீங்கதானே அக்கா?"

"இப்ப முடிச்சேன்னா, உன் றெக்கையை முடிச்சுப்போடுவேன்!"

கொக்கு கழுத்தை உயர்த்தி அறிவித்தார். "அனுமதியில்லாத வேலை நடப்பதைக் கண்ணால் பார்த்தேன். நிறுத்து! இனி இந்த வீட்டில் ஓர் உருண்டை மண்கூட வைக்கக் கூடாது."

"எதுவரைக்குமுங்க சார்?" என்றார் குழந்தைசாமி.

"வேலை முடியும்வரைக்கும்."

"வேலையைத்தான் நிறுத்தியாச்சே. அப்புறம் எப்படி..." என்று தொடங்கியவரின் காலை அருக்காணி ஓங்கி மிதித்தாள்.

உள்ளேயிருந்து குழந்தை அழும் சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் சேர்ந்து அழுதது. காட்டுப்பன்றி குதித்தே விட்டார். கொக்குகூட ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டி, "ரெண்டும் பொண்ணா?" என்று கேட்டுவிட்டு, கொடுத்த கிழங்கை மறுக்காமல் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

செய்தி காடெங்கும் பரவியது. எருமைக்கு இடம் விடாமல் கட்டி, ஓடு வேய்ந்து, வெள்ளையடித்து, ஒரு குறையில்லாமல் முடித்து வைத்திருந்த மயிலின் வீடு மறுவாரமே தரைமட்டமானது. முயல்கள் அவசர அவசரமாகத் தங்கள் சுவர்ப் பூச்சைச் சுரண்டின. குளவி மேஸ்திரிக்கு இறக்கை ஓயாத அழைப்பு. "உங்க கை பட்டா வேலை முடியாதுன்னு சொன்னாங்க, அதான் உங்களையே தேடி வந்தோம்" என்று காத்திருந்தார்கள். அவரும் அடக்கமாகத் தலையாட்டி, யாரையும் ஏமாற்றாமல் அத்தனை வீட்டையும் பாதியில் விட்டார்.

பேத்திகள் நடக்கத் தொடங்கிய பிறகும் குழந்தைசாமிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. யாரும் பார்க்காதபோது கொஞ்சம் மண்ணைக் குழைத்துக்கொண்டு சுவரருகே போவார். இரண்டு பேத்திகளும் அதற்குள் வந்து, தாத்தா தங்களுக்காகத்தான் குழைத்தார் என்று அந்த மண்ணைப் பிடுங்கிச் சோறாக்கி விளையாடத் தொடங்கிவிடுவார்கள்.

நீதி: பிள்ளைகளே, எடுத்த காரியத்தை ஒழுங்காகச் செய்யுங்கள். முடித்துத் தொலைத்துவிடாதீர்கள், முடித்தவனைத்தான் சட்டம் தேடி வரும்.