சிவப்பு தெரிந்த குரங்கு

ஒரு காட்டில் மல்லாயி என்றொரு முயல் கோதுமை போட்டிருந்தாள். காட்டில் ஏது கோதுமை என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இனிமேல் குரங்கு வேறு பேசப் போகிறது.

மழைக்காலம் முழுக்க அவள் பிள்ளைகளுக்குச் சப்பாத்தி அந்த வயலிலிருந்துதான் வரவேண்டும். அந்த வயலுக்குள் எங்கிருந்தோ வந்த ஒரு புல் புகுந்துவிட்டது. பாழாய்ப்போனது, அச்சு அசல் கோதுமை மாதிரியே இருந்தது! அதன் அடித்தண்டு மட்டும் சிவப்பு. முயலுக்குச் சிவப்பு தெரியாது. மானுக்கும் தெரியாது, பன்றிக்கும் தெரியாது. அந்தக் காட்டில் சிவப்பு தெரிந்த ஒரே ஆள் குரங்கு சடையன்தான்.

அதனால் அவன் மரத்தடியில் எப்போதும் கூட்டம். மல்லாயி டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, அவனை அழைத்து வருவாள். அவன் வரப்போரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அந்தா அது, இந்தா இது" என்று கைகாட்டுவான். அவள் பிடுங்குவாள். கூலி, சுடச்சுடச் சப்பாத்தி. வருஷா வருஷம் பிடுங்கியும் புல் கூடிக்கொண்டேதான் போனது.

இந்த வருஷம் கதிர் வந்தது. கதிர் வந்துவிட்டால் புல் எது, கோதுமை எது என்று யாருக்கும் தெரியும். சடையன் உட்கார்ந்த பக்கத்தையும் போய்ப் பார்க்க மல்லாயிக்கு இந்த வருஷம்தான் தோன்றியது. சடையன் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் புல் செழித்து நின்று விதை கொட்டிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி! களை மேலேயே உட்கார்ந்துக்கிட்டா களை காட்டினே?"

"பின்னே? எல்லாத்தையும் காட்டிட்டா அடுத்த வருஷம் என்னை யாரு கூப்பிடுவா அக்கா? எனக்கும் வயிறு இருக்குல்ல?"

இந்த இடத்தில் முயல் குரங்குக்குப் பாடம் புகட்டவேண்டும். முறை அதுதான். மல்லாயிக்கும் ஆத்திரம் தொண்டை வரை வந்தது. ஆனால் வீட்டில் பிள்ளைகள் காலித் தட்டைத் தட்டுகிற சத்தமும் கேட்டது. பெற்றவள் என்ன செய்வாள்?

"ஏன் சடையா, சும்மா கை காட்டினாலே போதுமா, சப்பாத்தி கிடைச்சுடுமா?" என்று கேட்டாள்.

மறுநாள் முள்ளம்பன்றி ஈட்டியப்பனின் வரப்பில் மல்லாயி உட்கார்ந்திருந்தாள். அவன் தாமதமாக விதைத்தவன், பயிர் இன்னும் இளசு. அவள் கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

"உங்களுக்குச் சிவப்பு தெரியுமா அம்மணி?"

"உங்களுக்குத் தெரியாதுல்ல? அப்புறம் எனக்குத் தெரியுதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

ஈட்டியப்பன் யோசித்தான். நியாயமாகத்தான் பட்டது. அவள் கைகாட்டியதையெல்லாம் பிடுங்கினான். பிடுங்கியதில் பாதிக்கு மேல் நல்ல கோதுமை. பாவம், வேர்வை சொட்டச்சொட்ட அவளுக்கு நன்றி வேறு சொன்னான்.

அன்று மல்லாயியின் பிள்ளைகள் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள்.

நீதி: களை எடுக்கிறவன் பட்டினி கிடப்பான், களை காட்டுகிறவன் வீட்டில் சப்பாத்தி வேகும். அதற்குக் கண் தெரியவேண்டும் என்றுகூட இல்லை.