மோப்பச் சித்தர் கண்டெடுத்த பொம்மை

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம். சென்னியப்பன் ஓட்டலில் அன்று நிற்க இடமில்லை. சாப்பிட வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தப்பை அங்கே யாரும் இரண்டாம் முறை செய்வதில்லை. மண்ணை மோந்தே செய்வினையைக் கண்டுபிடிக்கும் மோப்பச் சித்தரைத் தரிசிக்க வந்த கூட்டம் அது.

சித்தர் அடுப்படியில் குப்புறப் படுத்தார். மூக்கைத் தரையில் தேய்த்தார். ஓரிடத்தில் தும்மினார்.

"இங்கேதான்!"

கையை விட்டுத் தோண்டினார். உடம்பெல்லாம் ஆணி அடித்த மரப்பொம்மை ஒன்று வெளியே வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். பி.ஏ. படித்த குமாஸ்தா ஒருவர், சித்தர் தும்மிய மண்ணை அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டார். படிப்பு வீண்போகவில்லை!

"யாருங்க சாமி வெச்சது?" என்று நடுங்கினார் சென்னியப்பன்.

"எதிர்த்திசை!"

எதிரே இருந்தது அங்கம்மாளின் ஓட்டல். மல்லசமுத்திரத்திலிருந்து பிழைக்க வந்த விதவை அவள். அவள் கடை திறந்ததிலிருந்து அணைவேலை ஆட்களெல்லாம் அங்கேதான் சாப்பிட்டார்கள். சென்னியப்பனும் சும்மா இருக்கவில்லை, நிர்வாகத்தைச் சீர்திருத்தினார். நேற்றைய சாம்பாரில் இன்று வெந்நீர் ஊற்றினார். நல்ல சமையல்காரரை அனுப்பிவிட்டுச் சம்பளம் கேட்காத மைத்துனனை அடுப்படியில் நிறுத்தினார். இத்தனை செய்தும் கூட்டம் வரவில்லையென்றால் செய்வினையல்லாமல் வேறென்ன?

மறுநாள் அங்கம்மாள் வடித்த சோறு அப்படியே ஆறிப்போயிற்று. செய்வினைக்காரி கையால் தின்ன யாருக்குத் துணிச்சல்? சாயங்காலம், அவள் கொட்டகையைப் பிரித்தெறியச் சிலர் கடப்பாரையோடு வந்தார்கள். அங்கம்மாள் வாசலில் குறுக்கே நின்றாள்.

"பிரிக்கறதுன்னா பிரிச்சுக்குங்க. நானே மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிர்றேன். அதுக்கு முன்னால சாமி என்ற அடுப்படியையும் ஒருக்கா மோந்து பாக்கட்டுமுங்க. எனக்குந்தான் ஏவாரம் படுத்துப்போச்சு!"

இன்னொரு வேடிக்கை கிடைக்கிறது என்றால் எந்தக் கூட்டம் வேண்டாம் என்று சொல்லும்? காலையில் பார்க்கலாம் என்று கலைந்தது.

விடிந்ததும் அங்கம்மாள் நேரே சென்னியப்பனிடம் போனாள். "அண்ணா, சாமி வாரதுக்குள்ள என்ற அடுப்பைப் பிரிச்சு நீங்களே கட்டிக்குடுங்க. நான் கிட்டக்கூட வரமாட்டேன்."

"நான் எதுக்கம்மிணி கட்டோணும்?"

"நான் எதையாச்சும் எடுத்து ஒளிச்சுட்டேன்னு நாளைக்கு நீங்களே சொல்லப்படாதில்லீங்களா?"

நியாயந்தான் என்று பட்டது அவருக்கு. அடுப்பைப் பிரித்தார். அடியில் வெறும் பாறை. ஆற்று மணலைத் தன் கையாலேயே சலித்தார், பாறைமேல் பரப்பினார், கல்லை வைத்து அடுப்பைக் கட்டினார். சித்தர் வரும்வரை அங்கேயே காவலும் இருந்தார்.

சித்தர் வந்தார். படுத்தார். மோந்தார். தும்மினார். மணலிலிருந்து இன்னொரு பொம்மை எழுந்தருளியது!

"யாருங்க சாமி வெச்சது?" என்று இந்த முறை அங்கம்மாள் கேட்டாள்.

"எதிர்த்திசை! பழிக்குப் பழி வாங்கியிருக்கிறான்!"

கடப்பாரைகள் சென்னியப்பன் பக்கம் திரும்பின. அவர் முகம் வெளிறிற்று, பிறகு சிவந்தது.

"அடப்பாவி! நானே சலிச்ச மணலுடா அது! அடியில பாறை! ஒரு குண்டூசி இருந்தாலும் என்ற கண்ணுல பட்டிருக்குமே. இத்தாம் பெரிய பொம்மை எங்கிருந்துடா வந்துச்சு?"

சொல்லிக்கொண்டே சித்தரின் சடையைப் பிடித்து இழுத்தார். சடை கையோடு வந்தது. அதற்குள்ளிருந்து ஆணி அடித்த பொம்மைகள் மேலும் சில உருண்டன, மற்ற ஓட்டல்களுக்கான சரக்கு. குப்புறப் படுத்தால் சடை தரையில் புரளும். புரண்ட இடத்தில் பொம்மை விழும். மோப்ப சாஸ்திரம் அவ்வளவுதான். மொட்டைத் தலையோடு சித்தர் ஓடிய வேகத்தில் தும்மக்கூட அவருக்கு நேரமில்லை.

கடப்பாரைக்காரர்கள் யாரும் அங்கம்மாளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பசித்தது, சோறு இருக்கிறதா என்று கேட்டார்கள். அவளும் போட்டாள்.

கூட்டம் சாப்பிட்டுப் போன பிறகு சென்னியப்பன் தயங்கித் தயங்கி வந்தார். "அப்பறம் ஏனம்மிணி என்ற கடைக்கு ஒருத்தரும் வாரதில்லை?"

அங்கம்மாள் அவரை அவர் கடையின் பின்புறத்துக்கே கூட்டிப்போனாள். முந்தின நாள் வேறு வழியில்லாமல் அங்கே தின்றவர்களின் எச்சில் இலைகளில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது.

"இதை ஒருநாளாச்சும் பாத்தீங்களா? நான் தினமும் என்ற கடை இலையைப் பாப்பேனுங்க. எதை மிச்சம் வெச்சிருக்காங்களோ, அதை அடுத்த நாளே மாத்திருவேன். நான் வெச்ச வசியம் அம்புட்டுத்தான்."

சென்னியப்பன் உள்ளே போய், முதல் தடவையாகத் தன் ஓட்டல் சாம்பாரை வாயில் வைத்தார். உடனே துப்பினார். அன்றைக்கே பழைய சமையல்காரரைத் தேடி ஆள் அனுப்பினார். இப்போது இரண்டு ஓட்டல்களிலும் இலை போட இடமில்லை.

சித்தர்? புதுச் சடையோடு சூரமங்கலம் ரயிலடி ஓட்டல்களில் மோந்துகொண்டிருப்பதாகக் கேள்வி. நல்ல கூட்டமாம். சித்தர் தலைக்குள் என்ன இருந்தது என்பதை மேட்டூர் பார்த்துவிட்டது. தங்கள் தலைக்குள் என்ன இருக்கிறது என்று சூரமங்கலத்தார் எப்போது பார்க்கப் போகிறார்களோ!